மூணு தடவை வேலையை விட்டவர்: ராபர்ட் நாய்ஸ் கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு போன் கால்.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு என் சித்தி பையன் கூப்பிட்டான். சோழிங்கநல்லூர்ல ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில ஆறு வருஷமா வேலை பார்க்கிறான். "அண்ணா, ஒரு ஸ்டார்ட்அப்ல இருந்து ஆஃபர் வந்திருக்கு. சம்பளம் இப்போ வாங்குறதைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனா ஷேர் தர்றாங்களாம். போகலாமா, வேண்டாமா?" வீட்டு லோன் இருக்கு. கைக்குழந்தை இருக்கு. நல்ல வேலையை விட்டுட்டு எவனாவது போவானான்னு சித்தி ஏற்கனவே தீர்ப்பு சொல்லிட்டாங்க.

ரெண்டு நாள் டைம் கேட்டேன். ஏன்னா, இந்த விஷயத்துல நான் நடுநிலையான ஆள் கிடையாது. முதல் அஞ்சு வருஷம் ஒரு பெரிய நிறுவனம். அப்புறம் ரெண்டு ஸ்டார்ட்அப். அதுல ஒண்ணு பதினாலு மாசத்துல மூடிட்டாங்க, கடைசி ரெண்டு மாச சம்பளம் இன்னும் வரல. அதுக்கப்புறம் திரும்பவும் அடையாள அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பெரிய கம்பெனிக்கே போனேன். என் அனுபவத்தை வச்சு பதில் சொன்னா, அது அவனுக்கான பதிலா இருக்காது. என் பழைய காயம்தான் பேசும்.

அதனால நம்ம வழக்கப்படி வரலாற்றுக்குப் போனேன். இந்தக் கேள்வியை முதல் தலைமுறையில் சந்தித்த ஒருத்தரோட வேலை வாழ்க்கையை எடுத்து வச்சுக்கிட்டேன். அவர் பெயர் ராபர்ட் நாய்ஸ். ஒரே சிலிக்கான் துண்டில் முழு மின்சுற்றையும் அடக்கும் 'சிப்' உருவாகக் காரணமான இருவரில் ஒருவர். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். இன்னிக்கு அவருடைய கண்டுபிடிப்பைப் பத்திப் பேசப்போறதில்லை. அவருடைய ராஜினாமாக்களைப் பத்திப் பேசப்போறோம்.

பன்றி, இன்சூரன்ஸ், ரேடியோ கம்பெனி

நாய்ஸ் 1927-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்தார். அப்பா ஒரு தேவாலயப் போதகர். பணக்காரக் குடும்பம் இல்லை. வளர்ந்ததும் படித்ததும் கிரின்னல் என்ற சின்ன ஊரில். 1948-ல் கல்லூரி விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஒரு பன்றியைத் திருடி மாட்டிக்கொண்டார். ஒரு செமஸ்டர் இடைநீக்கம். அந்த மாதங்களை நியூயார்க்கில் ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் கணக்குப் போட்டுக் கழித்தார். ஆக, அவருக்குக் கார்ப்பரேட் வாழ்க்கையின் முதல் ருசியே தண்டனையாகத்தான் கிடைத்தது!

அப்புறம் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம், 1953. முதல் முறையான வேலை ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஃபில்கோவில். ரேடியோ, டிவி செய்த பெரிய நிறுவனம், டிரான்சிஸ்டரும் செய்தார்கள். வேலை நல்லாத்தான் இருந்தது. ஆனால் நாள் ஆக ஆக, ராணுவ ஒப்பந்தங்களுக்கான காகித வேலை ஆராய்ச்சியைத் தின்ன ஆரம்பித்தது. உங்கள்ல பல பேருக்கு இது தெரியும். காலையில் ஒரு யோசனையோடு ஆபீஸ் போறோம், சாயங்காலம் நாலு ரிப்போர்ட் அனுப்பிட்டு வீட்டுக்கு வர்றோம்.

1956 ஜனவரியில் வில்லியம் ஷாக்லியிடமிருந்து அழைப்பு வந்தது. டிரான்சிஸ்டர் உருவாக்கிய மூவரில் ஒருவர். அந்த வருடமே நோபல் பரிசும் பெறப்போகிறவர். கலிஃபோர்னியாவில் மவுன்டன் வியூ என்ற ஊரில் புதிதாக ஒரு சின்ன ஆய்வகம் ஆரம்பிக்கிறார். ஊரைச் சுற்றி அப்போது பழத்தோட்டங்கள்தான். நாய்ஸ் கிளம்பிவிட்டார். இது முதல் ராஜினாமா: பெரிய கம்பெனியிலிருந்து சின்ன இடத்துக்கு.

நோபல் விஞ்ஞானி, மோசமான முதலாளி

இங்கேதான் நம்ம கனவுல இருக்கிற 'ஸ்டார்ட்அப்' படத்துக்கு ஒரு அடி விழுது. சின்ன இடம்னா சுதந்திரம் இருக்கும்னு நினைக்கிறோம், இல்லையா? ஷாக்லியின் ஆய்வகத்தில் அது இல்லை.

ஒரு ஊழியரின் கையில் ஏதோ கூராகக் குத்திவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று சந்தேகித்த ஷாக்லி, பொய் கண்டுபிடிக்கும் கருவி வைத்துச் சோதிக்கவேண்டும் என்றார். எல்லாருடைய சம்பளத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். எல்லாரும் சிலிக்கான் டிரான்சிஸ்டர் செய்ய வந்திருக்க, தனக்குப் பிடித்த வேறொரு வகை டயோடின் பக்கம் ஆய்வகத்தைத் திருப்பினார். நாய்ஸ் 1956-ல் தன் குறிப்பேட்டில் ஒரு புதுவகை டயோடுக்கான யோசனையை எழுதிக் காட்டினார். ஷாக்லி ஆர்வம் காட்டவில்லை. கிட்டத்தட்ட அதே விஷயத்தை ஜப்பானில் லியோ எசாகி தனியாகக் கண்டுபிடித்தார், 1973-ல் அதற்காக நோபல் பரிசும் வாங்கினார்.

1957-ல் ஊழியர்கள் சார்பில் கார்டன் மூர், ஆய்வகத்துக்குப் பணம் போட்டிருந்த ஆர்னால்ட் பெக்மனிடம் பேசினார். ஷாக்லியை நிர்வாகத்திலிருந்து கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. பெக்மன் முதலில் தலையாட்டினார், பிறகு பின்வாங்கினார். எச்.ஆர்.கிட்ட புகார் சொல்லிட்டு அடுத்த நாள் அதே மேனேஜர் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களா? அந்த நிலைமை.

ஏழு பேர் வெளியேற முடிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரான யூஜீன் கிளெய்னர், தன் அப்பாவுக்குத் தெரிந்த நியூயார்க் முதலீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் கேட்டது என்ன தெரியுமா? 'எங்களுக்குக் கம்பெனி ஆரம்பிக்கப் பணம் கொடுங்கள்' என்று இல்லை. 'எங்கள் மொத்தக் குழுவையும் சேர்த்து வேலைக்கு எடுக்கும் ஒரு நிறுவனம் கிடைக்குமா' என்பதுதான்.

இதை நல்லா கவனிங்க. சிலிக்கான் பள்ளத்தாக்கின் கதையை ஆரம்பித்து வைத்தவர்கள் தேடியது ஒரு வேலை. ஒரு நல்ல முதலாளி. அந்தக் கடிதம் ஆர்தர் ராக் என்ற இளைஞரின் கைக்குப் போனது. வேலை எதற்கு, நீங்களே தனியாக ஒரு கம்பெனி ஆரம்பியுங்கள் என்று யோசனை சொன்னது அவர்தான்.

கடைசியாக வந்த ஆள்

அந்த ஏழு பேரில் நாய்ஸ் இல்லை. கம்பெனி என்றால் தலைமை தாங்க ஒருவர் வேண்டும், அதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் தயங்கினார். மனைவி, சின்னக் குழந்தைகள், வீடு. ஷாக்லி மேல் மரியாதையும் இருந்தது. ஆர்தர் ராக்கைச் சந்திக்கப் போகிற நாளுக்கு முந்தைய இரவு, ஷெல்டன் ராபர்ட்ஸ் போன் போட்டு வெகுநேரம் பேசித்தான் அவரைச் சம்மதிக்க வைத்தார். மறுநாள் சான் ஃபிரான்சிஸ்கோ ஓட்டலில் எட்டாவது ஆளாக நாய்ஸ் வந்து நின்றார். ஒப்பந்தத் தாள் தயாராக இல்லாததால், பத்து ஒரு டாலர் நோட்டுகளை எடுத்து அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இன்டெல்லைத் தொடங்கப்போகிற மனுஷனே ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சிருக்கார். அப்போ ஈ.எம்.ஐ. கட்டுற என் தம்பி யோசிக்கிறதுல என்ன தப்பு?

ஆர்தர் ராக் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கதவைத் தட்டினார். எல்லாமே கையை விரித்தன. கடைசியில் ஷெர்மன் ஃபேர்சைல்ட் என்ற தொழிலதிபரின் கேமரா நிறுவனம் சம்மதித்தது. சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கடன். எட்டு பேரும் ஆளுக்கு 500 டாலர் போட்டார்கள். நாய்ஸ் அதற்குப் பாட்டியிடம் கடன் கேட்டார். 1957 செப்டம்பர் 18 அன்று ராஜினாமா. 'எட்டு துரோகிகள்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்துவிட்டது.

இது இரண்டாவது ராஜினாமா. ஆனா இதை 'ரிஸ்க்'னு மட்டும் சொல்லிட்டா பாதிக் கதைதான். அடியில் என்னென்ன இருந்தது பாருங்க. எட்டு பேரில் ஆறு பேர் முனைவர்கள், தோற்றாலும் அடுத்த மாசம் வேறு வேலை கிடைக்கும். பணத்தின் பெரும்பகுதி வேறு ஒருவருடையது. முதல் ஆர்டர் ஐபிஎம்மிடமிருந்து வந்தது: 100 டிரான்சிஸ்டர், ஒவ்வொன்றும் 150 டாலர். ஷெர்மன் ஃபேர்சைல்ட் அந்த ஐபிஎம்மின் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரர். குதிச்சாங்க, உண்மைதான். ஆனா கீழே வலை இருந்தது.

ஸ்டார்ட்அப்புக்கு வயசாகும்

அந்த வலைக்கு ஒரு விலையும் இருந்தது. விரும்பினால் மொத்தக் கம்பெனியையும் 30 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று தாய் நிறுவனம் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தது. ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் வேகமாக வளர்ந்தது. 1959-ல் ஜீன் ஹெர்னி அங்கே உருவாக்கிய தயாரிப்பு முறையும், அதன் மேல் நாய்ஸ் கட்டிய சிப் யோசனையும் தொழிலையே மாற்றின. அதே 1959-ல் தாய் நிறுவனம் அந்த ஷரத்தைப் பயன்படுத்தியது. எட்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டரை லட்சம் டாலருக்குக் குறையாமல் கிடைத்தது. 500 டாலர் போட்டவருக்கு 500 மடங்கு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு சாயங்காலத்திலிருந்து அவங்க முதலாளிகள் இல்லை, ஊழியர்கள்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. அவர்களே வெளியிலிருந்து கொண்டுவந்த பொது மேலாளர், சில ஆட்களோடு வெளியேறி போட்டிக் கம்பெனி ஆரம்பித்தார். துரோகிகள் என்று பெயர் வாங்கி ரெண்டே வருஷத்துல, அவங்களுக்கும் அதுவே நடந்தது. அந்த நாற்காலிக்கு நாய்ஸ் வந்தார். 1961-ல் ஹெர்னி, ஜே லாஸ்ட், ஷெல்டன் ராபர்ட்ஸ் வேறு நிறுவனம் தொடங்கப் போனார்கள். ஆமாம், ராத்திரி போன் போட்டு நாய்ஸை இழுத்த அதே ராபர்ட்ஸ்தான். 1967-ல் உற்பத்தியைத் தூக்கி நிறுத்திய சார்லஸ் ஸ்போர்க் நேஷனல் செமிகண்டக்டருக்குப் போனார்.

ஏன் போனார்கள்? கலிஃபோர்னியாவில் சம்பாதித்த லாபம் நியூயார்க் தலைமையகத்துக்குப் போய் வேறு தொழில்களுக்குச் செலவானது. பங்கு உரிமை மேல்மட்டத்தில் சிலருக்கு மட்டும். உள்ளே இருந்து மாற்ற நாய்ஸ் முயன்றார், பெரிதாக மாறவில்லை. 1968-ல் தாய் நிறுவனத்தின் தலைமைப் பதவி காலியானபோது, இயல்பாக அவருக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை.

மூன்றாவது ராஜினாமா. இந்த முறை முனைவர் பட்டத்தோடு, ஒரு சிப் காப்புரிமை, பதினொரு வருட நிர்வாக அனுபவம், பையில் பணம், பக்கத்தில் கார்டன் மூர். நிறுவனம் பெரிதாகப் பெரிதாகத் தன் அன்றாட வேலை தனக்குப் பிடிக்காமல் போகிறது என்று ராஜினாமா கடிதத்தில் எழுதினார். 1968 ஜூலையில் இன்டெல் பிறந்தது. நாய்ஸும் மூரும் ஆளுக்குக் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் டாலர் போட்டார்கள். மீதி 25 லட்சம் டாலரை அதே ஆர்தர் ராக் மிக வேகமாகத் திரட்டினார். பன்றி திருடியதற்காக வெளியே அனுப்பிய கிரின்னல் கல்லூரியும் முதலீடு செய்தது!

1957-ல் முப்பது கதவு மூடியது. 1968-ல் கதவு தானாகத் திறந்தது. நடுவில் இருந்த பதினொரு வருஷம் ஒரு 'கார்ப்பரேட் டிவிஷன்'ல கழிந்த வருஷம். ஆட்களை நடத்தக் கத்துக்கிட்டது, எதைச் செய்யக்கூடாதுன்னு கத்துக்கிட்டது எல்லாம் அங்கேதான். இன்டெல்லில் பெரிய அதிகாரிகளுக்கென்று தனி உணவறை கிடையாது, தனி பார்க்கிங் கிடையாது. பங்கு உரிமையும் ஃபேர்சைல்டைவிடப் பரவலாகக் கிடைத்தது. பழைய ஆபீஸில் பட்டதற்கெல்லாம் புது ஆபீஸில் பதில் எழுதினார்கள்.

இப்போ இன்டெல்லோட முறை

கதை இங்கே முடிஞ்சா நல்லாயிருக்கும். முடியலை.

ஃபேர்சைல்டிலிருந்து 1970-ல் இன்டெல்லுக்கு வந்த இத்தாலியப் பொறியாளர் ஃபெடரிகோ ஃபாஜின், 1971-ல் வெளிவந்த 4004 நுண்செயலியின் வடிவமைப்பை முன்னின்று நடத்தினார். சிப்பின் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். 1974-ல் அவரும் கிளம்பி ஸைலாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்த இஸட் 80 சிப் இன்டெல்லின் சிப்புக்கே போட்டியாக வந்தது. பேக்மேன் விளையாட்டு இயந்திரத்துக்குள் இருந்தது அதுதான். ஃபாஜின் போன பிறகு, முதல் நுண்செயலியைப் பற்றி இன்டெல் சொன்ன கதையில் பல வருடங்கள் அவர் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஆறே வருஷம். வெளியேறியவர்கள் கட்டிய வீடு, வெளியேறுகிறவரைப் பார்த்து முகம் சுளித்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். ஸ்டார்ட்அப், கார்ப்பரேட் என்று ரெண்டு ஜாதி கம்பெனி கிடையாது. ஒரே கம்பெனியோட ரெண்டு வயசு அது. நாய்ஸ் பெரியதிலிருந்து சின்னதுக்குத் தாவிக்கிட்டே இருந்தார்னு தோணும். ஆனா 1957-ல் அவர் சேர்ந்த சின்னக் கம்பெனிதான் 1968-ல் அவர் விட்டுப்போன பெரிய கம்பெனி. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே கம்பெனிக்கு வயசாயிடுச்சு.

1872-ல் எழுதிய ஒரு வரி

இவ்வளவு பேர் இப்படிப் போய் வர முடிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஊழியரிடம் எழுதி வாங்கினால், கலிஃபோர்னியாவில் அது பெரும்பாலும் செல்லாது. இந்த விதி அங்கே 1872-லிருந்து இருக்கிறது. அமெரிக்காவின் இன்னொரு பெரிய தொழில்நுட்ப மையமான பாஸ்டன் பகுதியில் அப்படி எழுதி வாங்கினால் செல்லும். பாஸ்டன் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதுவும் எந்த வருடம்? 1872. தற்செயல் இல்லை. நியூயார்க்கில் டேவிட் டட்லி ஃபீல்ட் தயாரித்த சட்ட வரைவுதான் இரண்டுக்கும் மூலம். ரகசியத்தைத் திருடிக்கொண்டு போகலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வேலையில் இருக்கும்போது உள்ள கட்டுப்பாடும், பயிற்சிச் செலவுக்கான நியாயமான பாண்டும் வேறு விஷயம். ஆனால் 'நாளைக்கு நீ வேறு எங்கேயும் வேலை செய்யக்கூடாது' என்று ஆஃபர் லெட்டரில் ஒரு பத்தி இருந்தால், அதைப் பார்த்துப் பயந்து நடுங்கவேண்டியதில்லை.

குதிக்க முடியாதவர்கள்

ஒரு விஷயத்தைச் சொல்லாம முடிக்க மனசு வரலை. அந்தச் சிப்களைக் கண் வலிக்க உட்கார்ந்து பொருத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்த வேலையை, கூலி குறைவு என்பதால் 1960-களில் ஃபேர்சைல்ட் ஹாங்காங்குக்குக் கொண்டுபோனது. அவர்களுக்கு யாரும் நடு ராத்திரி போன் போட்டுக் கூப்பிடவில்லை. அவர்களுக்கு ராஜினாமா என்பது இன்னொரு அசெம்பிளி லைன். 'தைரியம் இருந்தா குதி'னு மேடையில பேசுறவங்க இதை மறந்துடறாங்க. தைரியம் மட்டும் போதாது. தோற்றால் தாங்கிக்கொள்ள ஏதாவது வேண்டும்.

சிலருக்கு அந்த வலையைப் பின்னியவர்கள் பிறகு அந்த எட்டு பேரிலிருந்தே வந்தார்கள். வேலை கேட்டுக் கடிதம் எழுதிய கிளெய்னர் 1972-ல் முதலீட்டு நிறுவனம் தொடங்கினார், அதுதான் இன்றைய கிளெய்னர் பெர்கின்ஸ். நாய்ஸ் 1988-ல், 60 வயதில், அமெரிக்க சிப் நிறுவனங்களும் அரசும் சேர்ந்து நடத்திய செமாடெக் அமைப்புக்குத் தலைவராக ஆஸ்டின் நகருக்குப் போனார். போட்டிக் கம்பெனிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலை. அந்தப் பதவியில் இருக்கும்போதே 1990 ஜூன் 3 அன்று காலமானார்.

தம்பிக்கு என்ன சொன்னேன்? போன்னும் சொல்லலை, போகாதேன்னும் சொல்லலை. மூணு கேள்வி கேட்டேன். தோத்தா எத்தனை மாசம் வீட்டுச் செலவும் ஈ.எம்.ஐ.யும் ஓடும்? ஷேர் தர்றாங்கன்னா அது எப்போ உன் கைக்கு வரும், கம்பெனியை வேறு யாராவது வாங்கினா அந்த ஷேர் என்னாகும்? பத்து வருஷம் கழிச்சு அந்தக் கம்பெனி இப்போ நீ இருக்கிற கம்பெனி மாதிரியே ஆயிட்டா, அதுக்குள்ள என்ன கத்துக்கிட்டு வெளியே வரப்போற?

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டான். ரெண்டு மாசம்தான் தாங்கும்னு தெரிஞ்சது. புதுக் கம்பெனியில பேசி, சேர்ற தேதியைத் தள்ளி வாங்கியிருக்கான். அதுவரைக்கும் காசு சேர்க்கிறானாம். ரெண்டாவது கேள்வியை மெயில்ல அவங்களுக்கே அனுப்பிட்டான், பதில் வரட்டும்னு காத்திருக்கான்.

சித்தி என்கிட்ட இன்னும் பேசலை.